ஜெபத்தில் வைத்திருக்கிறேன்

எனக்கு ஜெபம் நன்றாக வரும். சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குப் பிரியாணி வரும், அந்த மாதிரி. கடலூரில் எங்கள் சபையில் யாராவது வீடு கட்டி முடித்தாலும், பெண்ணுக்கு நிச்சயம் செய்தாலும், மகன் துபாய்க்குக் கிளம்பினாலும், பாஸ்டருக்கு அடுத்தபடி என்னைத்தான் கூப்பிடுவார்கள். குரல் கொஞ்சம் கனம். உடைய வேண்டிய இடத்தில் சரியாக உடையும். பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்ணுக்குப் போகும். முடிந்ததும், "பிரதர், ஆண்டவரே எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. அதை நான் ரசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

என் மனைவி மட்டும் அதற்கெல்லாம் மயங்குகிறவள் இல்லை. "அங்க அவ்ளோ உருகுறீங்க. வீட்ல ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுங்கன்னா உறுமுறீங்க" என்பாள்.

ஜெபம் நன்றாக வருவதற்கு என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் முப்பது வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜாடியில் ஊறுகிற நண்டுக்கும் மீனுக்கும் பெயர் எழுதி ஒட்டுவது என் வேலைகளில் ஒன்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். லேப் பழக்கம் ஜெபம் மட்டும் வந்தது. யார் ஜெபிக்கச் சொன்னாலும் பெயரை எழுதி, பக்கத்திலேயே தேவையை எழுதிவிடுவேன். ஒருவருக்கு முட்டிவலி, ஒருவருக்கு வேலை, ஒருவருக்குக் குழந்தை. காலை ஐந்து மணிக்கு எழுந்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வருவேன். தொடும் ஆண்டவரே, திறவும் ஆண்டவரே, தாரும் ஆண்டவரே. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு நாள்கூட ஒரு பெயரைக்கூட விட்டதில்லை. அதில் எனக்கு நல்ல கர்வம் இருந்தது.

அந்த நோட்டில் ஒரு பெயர் என் நண்பனுடையது. அதே லேபில் பன்னிரண்டு வருடம் எதிர் மேஜையில் உட்கார்ந்தவன். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. அவன் திட்டக்குடிப் பக்கம், நான் கடலூர் மஞ்சக்குப்பம். ஆனாலும் வந்த முதல் வாரமே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அதனால் அவன் மனைவிக்கு நான் அண்ணன் ஆனேன். மத்தியானம் மணி ஒன்றானால் தன் டப்பாவைத் திறக்க மாட்டான், என் டப்பாவைத்தான் திறப்பான். "ஒரு வாய் எடுத்துக்கவா" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அவன் லீவு போட்ட நாளில் சாப்பாடு இறங்காது, அது வேறு விஷயம்.

அவனுக்கு சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அப்போது நானும் ஓய்வு பெற்றிருந்தேன். கேள்விப்பட்ட அன்றே நோட்டில் எழுதினேன்: அவன் பெயர், பக்கத்தில் சிறுநீரகம். எழுதிவிட்டு போன் செய்து, "உன்ன ஜெபத்துல வச்சிருக்கேன்டா" என்றேன்.

"வச்சிக்க மச்சான், நல்லதுதான்" என்றான். "ஒரு நாள் வந்து உக்காந்துட்டுப் போயேன்."

"ஆவட்டும், வர்றேன்."

கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். முப்பது வருடம் தினமும் போய்வந்த தூரம். ஒன்றரை வருடம் நான் போகவில்லை. போகவில்லையே என்ற உறுத்தலும் வரவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் ஆச்சரியம். தினமும் காலையில் அவன் பெயரைச் சொல்லிக் கண்ணீரோடு மன்றாடிவிட்டால், அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு பஸ் ஏற வேண்டும்?

இப்படி இருக்கையில், பழைய லேப் நண்பர் ஒருவர் சிதம்பரத்தில் வீடு கட்டி, அதை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்யக் கூப்பிட்டிருந்தார். புதுச்சத்திரம் தாண்டி பஸ் பஞ்சராகி, நான் போய்ச் சேரும்போது பாஸ்டர் ஜெபித்து முடித்திருந்தார், எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் நடுக்கூடத்தில் நின்றேன். பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் என் நண்பனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தலையை அசைத்தேன். அவளும் அசைத்தாள். எங்கள் பெண்கள் பொட்டு வைப்பதில்லை, பூ வைப்பதும் அபூர்வம். பார்த்த பார்வைக்கு அவளிடம் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடினேன். வாசலுக்காக, சமையலறைக்காக, போர்வெல் தண்ணீருக்காக, பிள்ளைகளின் பரீட்சைக்காக ஜெபித்தேன். முடிக்கப் போகும்போது அவள் ஞாபகம் வந்தது. உன் புருஷனை நான் மறக்கவில்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது.

"இந்த வேளையில் எங்கள் அன்புச் சகோதரனையும் உமது பாதத்தில் வைக்கிறோம்" என்று அவன் பெயரைச் சொன்னேன். "அவருடைய சிறுநீரகங்களைத் தொடும். அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும். எழுப்புவீர் என்று விசுவாசிக்கிறோம்."

இந்த இடத்தில் எப்போதும் கூடமே அதிரும்படி ஆமென் வரும். அன்றைக்கு வரவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. விசுவாசக் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டு குரலை உயர்த்தினேன். "அவரை எழுப்புவீர் ஆண்டவரே! விசுவாசிக்கிறவர்கள் ஆமென் சொல்லுங்கள்!"

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அவுரு போயி நாலு மாசம் ஆவுது" என்றாள்.

தூக்கியிருந்த கையை இறக்கினேன்.

"தெனமும் அவருக்காக ஆண்டவர்கிட்ட பேசுறேன்னு சொல்லுவீங்களே அண்ணே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நாலு மாசத்துல ஆண்டவரு ஒரு தடவகூட உங்ககிட்ட சொல்லலியா?"

அவள் குத்திக் காட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பதிலுக்கு மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள், தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல. பாஸ்டர்தான் ஏதோ சொல்லி முடித்துவைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சாப்பிடாமல் கிளம்பினேன். எந்த பஸ்ஸுக்கும் நேரமாகவில்லை.

வருகிற வழியெல்லாம் கோபம். அத்தனை பேர் முன்னால் இப்படியா கேட்பது? ஒருத்தர்கூட எனக்குச் சொல்லவில்லையே, செத்ததைச் சொல்லாதது அவர்கள் தப்பா, என் தப்பா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதையே மூன்று விதமாகச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "வாட்ஸப்ல யாரும் போடலியா?" என்றாள்.

போட்டிருக்கவே மாட்டார்கள் என்று காட்டுவதற்காகத்தான் போனை எடுத்தேன். எங்கள் ஜெபக்குழுவில் நூற்றுக்கும் மேல் ஆட்கள். விரலால் தள்ளித் தள்ளி நாலு மாதம் பின்னால் போனேன். இருந்தது. அவன் போட்டோ, மாலை போடாத நல்ல சிரித்த போட்டோ. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை திட்டக்குடியில், சொந்த ஊரில், மறுநாள் மாலை. கீழே வரிசையாக அனுதாபங்கள். அவற்றின் நடுவில் என் பெயர். நான் எழுதியிருந்தது: "ஆமென். ஜெபத்தில் வைத்திருக்கிறேன்." கூடவே கும்பிட்ட கை மூன்று.

அந்தக் காலையில் யார் யார் என்னென்ன போட்டிருந்தார்களோ, அத்தனைக்கும் கீழே அதையே போட்டிருந்தேன். ஒருவருடைய பேத்தியின் பிறந்தநாளுக்கும் அதே.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. போனை மனைவியிடம் காட்டினேன். வழக்கமாக ஏதாவது சொல்லுவாள். அன்றைக்குக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு நோட்டைத் திறந்தேன். நண்பன் பெயர் பதினேழாவது. அடிக்க மனசு வரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், பக்கத்தில் சிறுநீரகம். பன்னிரண்டு வருடம் என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டவனை ஒரு ஜாடியில் போட்டுப் பெயர் ஒட்டி அலமாரியில் வைத்திருந்திருக்கிறேன். அவனை மட்டும்தானா? மேலே, கீழே இருந்த பெயர்களையும் பார்த்தேன். முட்டிவலி என்று எழுதியிருந்த அம்மாவின் முகமே எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அன்று ஜெபம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. முழங்காலில் நின்று வாயைத் திறந்தால் அவள் கேட்டது குறுக்கே வந்து நிற்கும். ஆண்டவர் உங்களிடம் சொல்லவில்லையா? சொல்லாமல் இருந்தாரா, சொன்னது எனக்குக் கேட்காமல் போயிற்றா, அல்லது இத்தனை வருடம் எதிரே யாரும் இல்லாமலே பேசிக்கொண்டிருந்தேனா? இந்த மூன்றில் எது என்று தெரியாமல் இனிமேல் ஒரு வார்த்தை என்னால் ஜெபிக்க முடியாது என்று ஆகிவிட்டது. ஐம்பது வருடப் பழக்கம் அது. போனால் எனக்கு என்ன மிச்சம்?

லேபில் ஒன்று புரியாவிட்டால் எடுத்துத் தட்டில் வைத்துப் பார்ப்போம். அப்படித்தான் செய்தேன். பிரதிஷ்டையை வீடியோ எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கினேன். அவர் தயங்கித் தயங்கித்தான் அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு என் ஜெபத்தை நானே கேட்டேன். பதினோரு நிமிடம். 'தாரும்' எத்தனை தடவை வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முப்பத்தெட்டு. 'தொடும்' தனி. ஒரு கேள்வி கிடையாது. ஒரு சமாச்சாரம் கிடையாது. இன்னொன்றையும் கவனித்தேன். பதினோரு நிமிடத்தில் ஓர் இடத்தில்கூட நான் நிறுத்தவில்லை. மூச்சு வாங்குகிற இடத்தில்கூட "ஆம் ஆண்டவரே" என்று போட்டு அடைத்திருந்தேன். எதிரே இருப்பவர் ஒரு வார்த்தை சொல்ல நினைத்தாலும் நுழைய சந்து இல்லை.

சரி, எதையும் கேட்காமல் ஜெபித்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம் என்று தோன்றியது. கொஞ்சம் ஆர்வமாகக்கூட இருந்தது. காலையில் நோட்டை எடுக்கவில்லை. முழங்காலில் நின்றேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றேன். அப்புறம் என்ன சொல்வது? மறுபடியும் "ஸ்தோத்திரம்." கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. எதையும் கேட்கவில்லை என்றால் அவரிடம் பேச எனக்கு ஒன்றுமே இல்லை. ரேஷன் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கிறவன் கடைக்காரரிடம் வேறு என்ன பேசுவான்? அந்த மாதிரிதான் நானும் நடந்திருக்கிறேன்.

எழுந்து வெளியே வந்ததும் மனைவி, "என்ன, இன்னிக்கு சீக்கிரம் முடிஞ்சிருச்சு? சார்ஜ் எறங்கிருச்சா?" என்றாள்.

"நான் இனிமே எதுவும் கேக்கப் போறதில்ல" என்றேன்.

"என் முட்டிக்குக் கேக்குறத மட்டும் நிறுத்திடாதீங்க, புண்ணியமா போவும்."

இரண்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் ஏறிச் சிதம்பரம் போனேன். ஆப்பிள் ஒரு கிலோ. நண்பனின் வீட்டு வாசலில் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றே பேசினேன். "தங்கச்சி, நான் பண்ணது பெரிய தப்பு. மன்னிச்சிக்கம்மா" என்றேன். உண்மையாகவே குரல் உடைந்தது. அதைக் கவனித்து உடனே எனக்கு என் மேல் அருவருப்பு வந்தது.

அவள் ஆப்பிளை வாங்கிக்கொண்டாள். "சரி அண்ணே" என்றாள்.

"அப்ப நான் வர்றேன்மா. திரும்புற வண்டிக்கு நேரம் ஆவுது" என்றேன்.

"கேட்டாச்சு, கெளம்பிட்டீங்க" என்றாள். "ஆண்டவர்கிட்டயும் இப்பிடித்தானா அண்ணே?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரிப்பும் வந்தது. அவளும் சிரித்தாள், கண் சிவந்திருந்தாலும். கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவரோரம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் சேர் இருந்தது. அதில் யாரும் உட்காருவதில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது. மேலே அலமாரியில் ஒரு சின்ன டம்ளர், பாதிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டது.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள்: "அவுருக்கு ஒரு வேளைக்கு அவ்ளோதான் தண்ணி. அதுக்கு மேல குடிச்சா மூச்சு முட்டும். அந்த சேர்ல உக்காந்து அதக் கையில வச்சிக்கிட்டு பேசிக்கிட்டே இருப்பாரு. மொதல்ல என்கிட்ட பேசுறாருன்னுதான் நெனச்சேன். 'ஆண்டவரே, இன்னும் ரெண்டு மடக்கு மிச்சம் இருக்கு, சாயங்காலம் வெச்சிக்கிறேன்'னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

"ஜாஸ்தி தண்ணி குடுங்கன்னு கேக்கலியா?"

"கேப்பாரு. ஏன் கேக்க மாட்டாரு? சண்டையும் போடுவாரு. 'நேத்து நீங்க பண்ணது சரியில்ல'ன்னு மூஞ்சத் திருப்பிக்குவாரு. அப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சிடுவாரு. ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டுல லால்பேட்டை பாய் ஒருத்தர் இருந்தாரு, அவுரு பேத்தி என்னா சொன்னா, வீராணத்துல எவ்ளோ தண்ணி நிக்குது, ரோட்டுல எந்த மாடு படுத்திருந்துச்சு, எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட சொல்லுவாரு."

"ஆண்டவருக்குத் தெரியாததா இதெல்லாம்?" என்று கேட்டேன். வம்புக்கு இல்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"நீங்க கேக்குறது மட்டும் அவருக்குத் தெரியாதா அண்ணே?" என்றாள். "தெரிஞ்சவங்ககிட்டதான பேசுறோம். தெரியாதவங்ககிட்ட யாரு போயி மாடு படுத்திருந்துச்சின்னு சொல்றா?" என்றாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கடைசி ரெண்டு மாசம், தெருவுல செருப்புச் சத்தம் கேட்டா, 'மச்சானா பாரு'ம்பாரு. எனக்கு அதான் ஆறல அண்ணே. நீங்க ஜெபிச்சதெல்லாம் சரி."

தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்க ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிள்ளை ஸ்டேஷனில் வண்டி நின்றது. பிச்சாவரத்துக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் நாங்கள் இறங்கும் ஸ்டேஷன் அது. மீன் கூடையோடு இரண்டு பெண்கள் ஏறினார்கள். அந்த வாடை பட்டதும் ஒரு நாள் ஞாபகம் வந்தது. அத்தனை வருடம் எங்கே கிடந்ததோ தெரியவில்லை.

மாணவர்கள் எல்லாம் முன் படகுகளில் போய்விட்டார்கள். நானும் அவனும் ஜாடிகளோடு கடைசிப் படகில். மரங்களுக்கு நடுவே சின்ன வாய்க்காலில் போகும்போது தண்ணீர் வடிந்து படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகுக்காரர் கழியால் குத்திப் பார்த்துவிட்டு, "தண்ணி ஏறுனாதான் சார்" என்று துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். நாலு மணி நேரம். போனும் கிடையாது. நான் முதல் ஒரு மணி நேரம் கத்தினேன், டிப்பார்ட்மெண்டில் என்ன சொல்வார்கள் என்று. அவன் என் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தான். தயிர்சாதம். பாதி எனக்கு வைத்தான். பிறகு சேற்றில் குதித்துக்கொண்டிருந்த ஒரு மீனைப் பார்த்து, "ஏய், இங்க வா, மச்சான் உனக்குப் பேர் எழுதி ஒட்டுவாரு" என்றான். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. வெயில் இலைகளில் இறங்கியது. தண்ணீர் எப்போது ஏறியது என்று தெரியாது. படகு ஒரு முறை ஆடியதும் எனக்கு, அதற்குள்ளா என்று இருந்தது.

"ஆண்டவரே, அந்த நாள் உமக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். வாய்விட்டு இல்லை, மனசுக்குள். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். அதுவும் ஒன்றையும் வாங்கிக்கொள்ள இல்லை. பதில் வந்ததா என்றால், குரலாக எதுவும் வரவில்லை. வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தேன். அவன் போட்டிருந்த சட்டையின் நிறம், அந்தத் தயிர்சாதத்தில் ஊறுகாய் இல்லாதது, எல்லாம். நடுநடுவே நிறுத்தினேன். நிறுத்தியபோது காலியாக இல்லை. யாரோ கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்கும், யாரும் இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. எப்படி என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. பரங்கிப்பேட்டை வரும்போது அழுதுகொண்டிருந்தேன். மீன்காரம்மா ஒருத்தி, "என்னாங்க, கண்ணுல தூசியா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் சிதம்பரம் போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாரமும் போனேன் என்று பெருமை பேச மாட்டேன். மழை, மனைவியின் முட்டி, என் சோம்பல் எல்லாம் உண்டு. போனால் பெஞ்சில் உட்காருவேன். அவள் அவனைப் பற்றி ஏதாவது சொல்வாள், நான் ஏதாவது சொல்வேன். சில நாள் இரண்டு பேரும் டிவியில் செய்தி பார்ப்போம். நோட்டைத் தூக்கிப் போடவில்லை. ஆனால் பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்த தேவைகளை அடித்துவிட்டேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு பெயருக்கு மேல் முடிவதில்லை. அந்த முட்டிவலி அம்மாவின் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்ப் பார்த்தேன். முட்டி போன வருடமே சரியாகிவிட்டதாம்.

காலையில் ஆண்டவரிடம் சொல்வதற்கென்று இப்போது எதையாவது பார்த்து வைக்கிறேன். கெடிலம் ஆற்றில் நுரை, காய்கறிக்காரர் தராசில் தூங்கும் பூனை. சில நாள் மனைவி மேல் வந்த கோபத்தையும் சொல்கிறேன். சொல்லும்போதே தப்பு யார் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது, அது ஒரு தொல்லை. சில நாள் மறுபடியும் முழுக்க முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். பழக்கம் சும்மா போகுமா? மனைவியின் முட்டிக்குத் தவறாமல் கேட்கிறேன்.

அவன் போய் ஒரு வருடம் ஆனது. நினைவு ஜெபத்தை அவள் வீட்டிலேயே வைத்தாள். பிரதிஷ்டைக்கு வந்திருந்த அதே ஆட்கள்தான் வந்தார்கள். பாஸ்டர் செய்தி கொடுத்து முடித்ததும், "அண்ணன் ஜெபிக்கட்டும்" என்று அவள் சொன்னாள். கூடத்தில் எல்லோரும் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்குப் போல நடுக்கூடத்தில் போய் நின்றேன்.

"ஆண்டவரே" என்றேன். குரல் கனமாக வரவில்லை. கீச்சென்று வந்தது. படகு சேற்றில் உட்கார்ந்ததைச் சொன்னேன். டப்பாவைச் சொன்னேன். மீனைக் கூப்பிட்டதைச் சொன்னபோது யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். "ஒரு நாள் வந்து உக்காந்துட்டுப் போயேன்னு என்கிட்ட சொன்னான். நான் வரல ஆண்டவரே. உமக்குத் தெரியும். இவுங்களுக்கும் தெரியட்டும்" என்றேன்.

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. 'இயேசுவின் நாமத்தில்' என்று ஆரம்பித்து முடித்துவிட்டால் எல்லோரும் ஆமென் சொல்லிவிடுவார்கள், நான் தப்பித்துவிடுவேன். நாக்கு நுனியில் நின்றது. ஆனால் நான் எதுவும் கேட்கவில்லையே, எதற்கு ஆமென் சொல்வார்கள்? நின்றுகொண்டே இருந்தேன். ஃபேன் சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எல்லோரும் காத்திருப்பது தெரிந்தது.

தரையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் சுவரோரம் இருந்த சிவப்பு சேரை இழுத்து வந்து எனக்குப் பின்னால் போட்டிருந்தாள்.

"நின்னுக்கிட்டே என்னா அவசரம் அண்ணே" என்றாள். "உக்காருங்க. உக்காந்து பேசுங்க."

உட்கார்ந்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. எனக்கும் முடிக்கத் தோன்றவில்லை.